வெளிநாட்டு வடாம்

திருச்சி தென்னூரில் பஜ்ஜி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வியட்நாம் பெண் கடை போட்டிருந்தாள். நம் ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள். சின்ன உருவம், காட்டன் புடவை, தலையில் வெயில் தொப்பி. அப்பளம் போன்ற அரிசித் தாளைத் தண்ணீரில் நனைத்து, புதினாவை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வைத்து, காரட்டோடு சுருட்டிக் கொடுப்பாள். வாங்கத்தான் ஆளில்லை.

"இந்த வாரமும் ஓடலைன்னா கடைய மூடிடுவேம்மா," என்று என்னிடம் சொன்னாள்.

பேச எனக்குக் கூச்சம். இருந்தாலும், "எண்ணெயில பொரிச்சா நல்லா இருக்குமே," என்று மெதுவாகச் சொன்னேன். அது பஜ்ஜிக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"குடு தாயி, வெளிநாட்டு வடாமையும் ஒரு கை பாத்துடுவோம்!" என்று ஒரு தாளை வாங்கித் தன் சட்டியில் போட்டார். வெள்ளை வெளேரென்று பொங்கிக்கொண்டு வந்தது. நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று கேட்டார்கள்.

மறுவாரம் போனால் அவளே வாணலி வைத்திருக்கிறாள். சுற்றி ஒரே கூட்டம். புதினாவையும் காரட்டையும்தான் காணோம்.

"உங்க ஊர்ல இப்படிப் பொரிப்பாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வெறும் தாளை இப்படிப் பொரிக்கிறதில்லம்மா. எங்கம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். இது என்னன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"திருச்சிப் பலகாரம்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தாள். உடனே முகத்தைத் திருப்பி எண்ணெயைப் பார்த்துக்கொண்டாள்.

நான் அவளுக்கு நல்லது செய்தேனா, கெடுத்துவிட்டேனா? இப்போதும் என்னைப் பார்த்தால் கை கூப்புகிறாள். நானும் கை கூப்பிவிட்டு, நிற்காமல் நடந்துவிடுகிறேன்.