பெயர் கேட்காத பூட்டு

உத்திரமேரூரில் நெல் அறுப்பு மெஷின்களை வாடகைக்கு விடுகிற முகம்மது கௌஸ் பாயின் ஆபீசில் கல்பனாவை எல்லோரும் கம்ப்யூட்டர் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். மகன் ஹைஸ்கூலுக்குப் போன பிறகும் அவள் பொண்ணுதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கல்பனா. பாயின் செல்போனில் எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டால் கல்பனா. ஃபேன் சுற்றவில்லை என்றால்கூட யாராவது அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பழையசீவரத்தில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்து, காஞ்சிபுரம் போய்க் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்தவள் அவள் என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வராது.

அந்த ஆபீசில் யார் காலெடுத்து வைத்தாலும் முதல் கேள்வி, "யார் பேர்ல எழுத?" என்பதுதான். பெயரைச் சொன்னால்தான் மெஷினுக்கு முறை கிடைக்கும். பெரிய பெயராக இருந்தால் முறை தானாக முன்னால் நகர்ந்துவிடும். பாய் கெட்டவர் இல்லை. முகத்துக்கு நேராக ஒருவரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். அந்தத் தாட்சண்யத்தால் வந்த கூத்து கொஞ்சமல்ல. பெரிய பெயர்க்காரரின் கழனி உள்ளே தள்ளி இருக்கும். வண்டி அதற்குக் கிளம்பிப் போனால், வழியில் இருக்கிற கழனியில் முறை வராததால் நெல் அறுக்காமல் நிற்கும். அடுத்தவர் பயிரை நசுக்கிக்கொண்டா போவது? டிரைவர் ஏசுதாஸ் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடிப்பான், வண்டி வெயிலில் காயும்.

போன வருஷம் அப்படி வண்டி சும்மா நின்ற நாளில்தான் மழை பிடித்துக்கொண்டது. பாஞ்சாலி என்கிற பெண்ணின் பயிர் மொத்தமும் சாய்ந்து, நெல் தண்ணீரிலேயே முளைவிட்டது. அவள் ஆபீசுக்கு வந்து சண்டை போடவில்லை. "எங்களுக்கு இன்னா பெரிய பேரா கீது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். கல்பனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தாள். எந்தக் கழனிக்கு எந்தக் கழனி வழியாகப் போக வேண்டும், எங்கே சேறு, எங்கே டயர் வண்டி இறங்கும், எங்கே செயின் வண்டிதான் இறங்கும் என்பதெல்லாம் ஆபீசின் பழைய டேட்டாபேசிலேயே இருந்தது. இத்தனை வருஷமாக அதை டைப் அடித்தவளே அவள்தானே. பழைய சாப்ட்வேருக்குப் பெயர்வாரியாக அடுக்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இவளுடைய புரோகிராம் கழனியைப் பார்த்து முறை போடும். மற்றவர்கள் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து அதை முடித்துப் பாயிடமும் சொல்லிவிட்டாள். டேட்டாபேசோடு இணைப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டு உண்டு, ஆனால் அது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. பாய் முதன்முதலில் வாங்கிய மெஷினின் நம்பர்.

தை மாதம். அறுப்பு உச்சத்தில் இருக்கும்போது, திங்கட்கிழமை மழை வரும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். பாய் வெள்ளிக்கிழமை காலையில் கல்பனாவைக் கூப்பிட்டார்.

"ஜும்மா முடிச்சிக்கினு வரேம்மா. அதுக்குள்ள உன் புரோகிராம் ஓடுச்சுன்னா நாளைக்கு அது சொல்ற முறை. ஓடலன்னா பழையபடி நானே போட்டுக்கிறேன். காஞ்சிபுரத்துல ஒரு கம்பெனி கீது, அவன்கிட்ட வேற சாப்ட்வேர் வாங்கிக்கலாம். அப்பறம் நீ இதப் பத்திப் பேசக் கூடாது, சரியா?"

"சரி பாய்" என்றாள். வேறு என்ன சொல்வது?

இணைப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. வொர்க்குரூப் ஃபைலைக் காணோம், இல்லாவிட்டால் வேறு யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று திரையில் வந்து நின்றது. அப்படி ஒரு ஃபைலைக் கல்பனா கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் கம்ப்யூட்டரைச் சல்லடை போட்டுத் தேடினாள். யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்றதும் அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரில் செல்போனைச் சொருகிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த ஏசுதாஸ்தான் முதலில் மாட்டினான்.

"அத்த மொதல்ல புடுங்குய்யா!"

"நான் இன்னாக்கா பண்ணேன்? சார்ஜ்தானே போட்டேன்" என்று அவன் பரிதாபமாகப் பிடுங்கிக்கொண்டு போனான். அப்போதும் திறக்கவில்லை.

பாஸ்வேர்டில்தான் கோளாறோ என்று வெளியே ஓடி, ஓரமாக நின்ற அந்தப் பழைய மெஷினின் நம்பர் பிளேட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். சரியாகத்தான் இருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் திரும்பி வர இனி அதிக நேரமில்லை. பாஞ்சாலியின் கழனி இந்த வருஷமும் முற்றி நிற்கிறது. பழையபடி முறை போட்டால் பழையபடிதான் ஆகும்.

கடைசியாக, புரோகிராமை விட்டுவிட்டு டேட்டாபேஸ் ஃபைலையே நேராகக் கையால் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்டது, அடித்தாள், திறந்துகொண்டது. மூடினாள். மறுபடி திறந்தாள். அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. நீ யார் என்று அது கேட்கவே இல்லை.

இவளோ இணைப்பில் முதலில் பாயின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதியிருந்தாள். பாய் பெயரைச் சொல்லாமல் அந்த ஆபீசுக்கு டீகூட வராது, டேட்டாபேஸ் மட்டும் திறக்குமா என்று கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. நெட்டில் தேடிப் படித்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் இதை ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்திருக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டு, ஆட்களின் பெயர் இருக்கிற வொர்க்குரூப் ஃபைலைத் தேடும். இங்கே அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இது ஃபைலுக்குப் போட்ட பூட்டு. அதன் சாவியை டேட்டாபேஸ் பாஸ்வேர்டு என்று தனியாகக் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

பாயின் பெயரை அழித்தாள். பாஸ்வேர்டை அதன் இடத்தில் வைத்தாள். ஓட்டினாள்.

கழனிகள் வந்தன. ஏரிக்கரைப் பக்கம், ரோட்டோரம், உள்ளே, இன்னும் உள்ளே என்று வழி வழியாக அடுக்கிக்கொண்டு திரை நிறைய வந்தன. கல்பனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "தொறந்துக்கிச்சு!" என்று போட்ட கத்தலில் ஆபீசில் தீப்பிடித்துக்கொண்டது என்று நினைத்து ஏசுதாஸ் உள்ளே ஓடி வந்தான்.

தொழுகை முடித்து அத்தர் வாசனையோடு வந்த பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழே பார்த்தார். கீழே ஓர் இடத்தில் விரலை வைத்தார். அது அவருடைய மனைவியின் தம்பி ஜாசிமின் கழனி.

"இவன் இன்னா இம்மாந் தூரம் கீய கீறான்?"

"அவரு கழனி உள்ள கீது பாய். மின்னாடி கீற பாஞ்சாலி கழனிய அறுத்தாத்தான் வண்டி போவும்."

"ஆமா பாய்" என்றான் ஏசுதாஸ். "போன தபா அங்கதான் வண்டிய நிறுத்திக்கினு குந்தினு இருந்தேன்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஜாசிமேதான். நாளைக்கு முதல் வண்டி தனக்கு வேண்டும் என்று அவன் கேட்டது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. இதுவரை மச்சானுக்கு அவர் முடியாது என்று சொன்னதே இல்லை.

"பேஜார் பண்ணாதடா" என்றார் பாய். "முறை இனிமே நான் போடல, கல்பனா போடுது. இரு, அதுங்கிட்டயே பேசு." போனை அவள் பக்கம் நீட்டினார்.

கல்பனா போனை வாங்கினாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு வண்டி வந்துடும்ணே. மழைக்கு மின்னாடி முடிஞ்சிடும்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வண்டிகள் இறங்கின. ரோட்டோரத்தில் ஆரம்பித்து, ஒன்று முடிய அடுத்ததற்கு வழி திறந்துகொண்டே போனது. பாஞ்சாலியின் நெல் மூட்டையாகி வீடு போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜாசிமின் கழனியும் முடிந்தது. வரப்பில் உட்கார ஏசுதாசுக்கு நேரமே கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கல்பனா வேலைக்குக் கிளம்பும்போதே மழை வலுத்துவிட்டது. ஏரிக்கரை ஓரமாக அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினாள். கண்ணுக்கு எட்டின மட்டும் கழனிகளில் அறுத்து மிஞ்சிய வெறும் தாள்தான் நின்றது. நனைவதற்கு அங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள், சந்தோஷமாக நனைந்தாள்.