தராசக்கா அழுத்திய பொத்தான்

பார்சல் அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டரில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் அவளுக்குத் தராசக்கா என்று பேர் வைத்தது யாரோ தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பார்சலைக் கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிடுவாள். அப்புறம் தராசில் வைப்பது தராசைச் சோதிக்கத்தான். "உள்ள துணிதாங்க" என்று யாராவது சொன்னால், "அப்படியா?" என்று ஓர் இழுப்பு இழுத்துக் குலுக்கிப் பார்ப்பாள். ரசீதில் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம், "படிச்சுட்டுப் போடுங்க, சும்மா கிறுக்காதீங்க" என்பாள். லாரி ஓட்டும் புருஷன் வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வருவார். "சோதனை போட்டுக்கோ தாயே!"

இப்பேர்ப்பட்டவளிடம்தான் தம்பி வந்து நின்றான். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதமாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் வேறு. இப்போது போனிலேயே கடை போட்டிருந்தான். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, மூன்று கொண்ட பொட்டலம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'முற்றிலும் இலவசம்' என்றிருந்தது. அதன் கீழே, 'அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.' பக்கத்தில் ஒரு கடிகாரம், இன்னும் பதினொரு நிமிடம்தான் என்று பதறிக்கொண்டிருந்தது.

தராசக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு நிமிடம் முடிந்தது. மறுபடி பதினைந்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

"இது என்னடா கூத்து?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தான்க்கா. ஜனங்க யோசிச்சுட்டே இருந்தா வாங்க மாட்டாங்க."

பொட்டலத்தைக் கையில் வாங்கினாள். "தொண்ணூறு கிராம். இதை அனுப்ப என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நீ வாங்குறது மூணு மடங்கு."

தம்பி சிரித்துவிட்டான். "உங்கிட்ட மறைக்க முடியுமா? பஞ்சோட விலை அதுக்குள்ளதான் இருக்கு. பொருள் தரமா இருக்கும். யாரையும் ஏமாத்தலை."

பிடிபட்டதும் ஒத்துக்கொண்டானே என்று அவளுக்கு உள்ளூரத் திருப்தி. ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்னொன்றைத் தேடத் தோன்றவில்லை. அவளுடைய பிசகு அதுதான்.

அவன் வந்த காரியம் வேறு. "நீ ஒண்ணு வாங்கி, நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு ஒரு வீடியோ பேசிக் கொடுக்கா. தராசக்காவே சொல்லிட்டான்னா இந்த ஏரியாவே வாங்கும்."

அவள் யோசித்தாள். முன்பு ஒருமுறை அவன் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கடை திறக்கப் போனபோது, இவள் துருவித் துருவிக் கேட்ட கேள்வியில் கூட்டாளி ஓடியே போனான். தம்பி இரண்டு வருடம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. போனில் பேரை எழுதினாள், விலாசத்தையும் கார்டு எண்ணையும் எழுதி இரண்டு தடவை சரிபார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் வழக்கம்போல மேலே தள்ளிப் படிக்கப் போனாள்.

"கூடப் பிறந்தவனையுமாக்கா சந்தேகப்படுவே?" என்றான் தம்பி.

சுருக்கென்றது. படிக்காமலே பொத்தானை அழுத்திவிட்டாள்.

பஞ்சு வந்தது. மூன்று வாரம் அடிப்பிடித்த பாத்திரத்தையெல்லாம் தேடித் தேடித் தேய்த்தாள். ஒன்றும் பிய்யவில்லை. கவுண்டரில் உட்கார்ந்தபடியே வீடியோ பேசினாள். "நான் யாரையும் லேசுல நம்ப மாட்டேன்னு உங்களுக்கே தெரியும். இதை நம்பி வாங்கலாம்." தையல்காரம்மா வாங்கினாள், மருந்துக்கடைக்காரர் வாங்கினார், மாடிவீட்டு வாத்தியார் இரண்டு வாங்கினார். தம்பி முகத்தில் எட்டு மாதம் கழித்துக் களை வந்தது.

அடுத்த மாதம் தையல்காரம்மா ஒரு பொட்டலத்தோடு கவுண்டருக்கு வந்தாள். "அக்கா, இதைத் திருப்பி அனுப்பிடுங்க. நான் கேக்கவே இல்லை. கார்டுல பணமும் போயிருக்கு."

"அப்படியா?" என்றாள் தராசக்கா. "வீட்டுல யாராவது அழுத்தியிருப்பாங்க. நல்லா விசாரிங்க." அந்த அம்மாள் முகம் சிறுத்துப் போய்விட்டது. மத்தியானம் மருந்துக்கடைக்காரர் அதையே சொன்னபோது, பஞ்சை வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்கப் பார்க்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டாள். தம்பியைத் தவிர எல்லார் மேலும் சந்தேகம்.

நாலு மணிக்கு வந்த மூட்டையைப் பிரித்தபோது அவள் பேருக்கே ஒரு பொட்டலம் இருந்தது. கையில் எடுத்தாள். தொண்ணூறு கிராம். தராசில் வைக்கவே இல்லை.

இரண்டு நாள் முன்பு கார்டிலிருந்து பணம் எடுத்ததாக வந்த குறுஞ்செய்தி ஞாபகத்துக்கு வந்தது. இதெல்லாம் மோசடிக்காரர்கள் வேலை என்று அப்போதே அழித்திருந்தாள்! போனை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தை முதல் தடவையாகப் படித்தாள். அடியில், எறும்பு வரிசை போல ஒரு வரி: 'மாதந்தோறும் முதல் தேதி அனுப்பிப் பணம் எடுக்கச் சம்மதிக்கிறேன்.' அதன் பக்கத்தில் கட்டத்துக்குள் டிக் ஏற்கனவே போடப்பட்டிருந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் மழுப்பவில்லை.

"எழுதித்தானே இருந்துச்சுக்கா. உன் கண்ணுக்கே தப்பிருச்சுன்னா வேற யார் கண்ணுலயும் படாதுன்னுதான் முதல்ல உன்கிட்ட வந்தேன்."

தன்னை ஏமாற்றியதுகூட இல்லை, தன்னை வைத்து ஊரை எடை போட்டிருக்கிறான் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் வலித்தது.

"அந்த டிக்கை எடுத்துடுடா."

"எடுத்தா கடையே இல்லைக்கா. விளம்பரத்துக்குப் போற காசு, மாசாமாசம் போனாத்தான் திரும்பி வரும். பிள்ளைங்களை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். இரண்டு வருடம் வராதவன் இனி எப்போதும் வராமல் போகலாம் என்பதையும் நினைத்தாள். பிறகு அதே நாற்காலியில் அதே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை நிமிர்த்தி வைத்தாள்.

"போன மாசம் நான் சொன்னதை நம்பாதீங்க. நான் படிக்காம அழுத்திட்டேன். விக்கிறது என் சொந்தத் தம்பி. கடைசிப் பக்கத்துல அடியில ஒரு டிக் இருக்கு, அதை எடுத்துடுங்க. ஏற்கனவே வாங்கினவங்க பேங்குல சொல்லி நிறுத்துங்க. பொட்டலத்தை என்கிட்ட கொண்டு வாங்க, நான் திருப்பி அனுப்புறேன்."

வீடியோவைப் போட்டதுமே தம்பி அவளுடைய எண்ணைத் தடுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது. தையல்காரம்மா எழுதியிருந்தாள்: "இதையாவது நம்பலாமாக்கா?"

பதினாறு வருடமாக அவள் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அவளைப் பார்த்து ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. கோபம் வரவில்லை, அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "நம்பாதீங்கம்மா. நீங்களே படிச்சுப் பாருங்க."