எடுத்த இடமும் வைத்த இடமும்

சந்தையில் அவனை நேரில் பார்த்தால் எல்லோரும் அண்ணே என்பார்கள். முதுகு திரும்பினால் கொக்கி. அவனுடைய கறிக்கடையில் ஆட்டைத் தொங்கவிடும் இரும்புக் கொக்கிகள் பன்னிரண்டு, பதின்மூன்றாவது அவன்தான் என்பது சந்தையின் பழைய வேடிக்கை. பிடித்தால் அப்படித்தான் பிடிப்பான். வலது கை காலரில் விழும், ஆள் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்புவான், அதற்குப் பிறகுதான் பேச்சு. எடையில் குறை சொன்னவன், வண்டியைக் கடை வாசலில் நிறுத்தியவன், ஈரலை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவன் என்று எல்லோரும் அந்தக் கையில் தொங்கியிருக்கிறார்கள். இருபத்தெட்டு வருடத்தில் மூன்று பேருக்குப் பல் போயிருக்கிறது, ஒருவனுக்கு மணிக்கட்டு.

கத்தியைப் பிடித்தால் மட்டும் வேறு ஆள். முதுகெலும்பை ஒட்டி, கடைசி விலாவுக்கு அடியில், கொழுப்புக்குள் பொதிந்து கிடக்கும் கிட்னியைக் கண்ணை மூடிக்கொண்டே கட்டைவிரலால் வழித்து எடுப்பான். சவ்வில் ஒரு கீறல் இருக்காது. அடிபட்ட ஆடு வந்தால் தோலை உரித்ததும் கண்டுபிடித்துவிடுவான். அடி விழுந்த இடத்தில் சதை கன்றிக் கறுத்திருக்கும். உயிரோடு இருக்கும்போது பட்டது எதுவும் உள்ளே மறையாது என்பது அவன் தொழிலில் கற்ற பாடம்.

அந்தப் பாடம்தான் பின்னால் அவனைத் தின்றது.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பகலில் மனைவி கடைக்கு வந்தாள். கூட்ட நேரம். முந்தின நாள் அவன் பக்கத்துக் கடைக்காரனை அடித்திருந்தான், போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். நாலு பேர் முன்னால் சொன்னதுதான் குற்றம். தராசின் இரும்புத் தட்டைக் கழற்றி அவள் முதுகில் வீசினான். இடது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே. அவள் சத்தமே போடாமல் கட்டையின் மேல் கவிழ்ந்தாள். அடுத்த கட்டையில் வெட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய தம்பி. வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு பாய்ந்து அக்காள் புருஷனின் தலையைச் சுவரில் மோதினான். இரண்டு பேரும் ரத்தத்திலும் தண்ணீரிலும் வழுக்கி விழுந்து புரண்டார்கள். எழுந்தபோது கொக்கியின் கையில் கத்தி இருந்தது, மைத்துனனின் வலது காதில் கால் பங்கு இல்லை.

அன்றிலிருந்து மைத்துனனுக்கு முக்காக்காதன் என்று பெயர். அவன் கடையை விட்டுப் போய் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்கினான். அக்காளை மட்டும் வெளியில் எங்காவது பார்ப்பான். இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வருடம் மனைவிக்குக் கால் வீங்கியது, பிறகு முகம், பிறகு சோறு இறங்கவில்லை. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். ரத்தக் கொதிப்பு பல வருடமாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சொல் கொக்கியின் காதில் ஏறவேயில்லை. தட்டு விழுந்த சத்தம்தான் ஏறியது. வாரம் மூன்று நாள் அவள் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து எந்திரத்துக்குள் சுற்றி உள்ளே போகும். தினமும் ரத்தத்தில் நிற்கிறவன் அதை முதல்முறை பார்த்ததும் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். நான் அடித்த அடியில்தான் போச்சா என்று ஒரு கேள்வி, டாக்டரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

தன் கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொன்னான். சோதித்துப் பார்த்து, சர்க்கரை, கொதிப்பு, உங்களுடையதே தேறாது என்று ஒதுக்கினார்கள். அவன் ஆடு பிடிக்கிற இடத்தில் பல்லைப் பார்த்து ஒதுக்குவது போல.

முக்காக்காதனிடம் யாரும் சொல்லவில்லை. அவனாகவே ஒரு காலையில் வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“அக்காவுக்குத்தான் கொடுக்கறேன். உங்களுக்கில்ல, மாமா. அதைத் தெளிவா வெச்சுக்குங்க.”

மனைவி அப்போதே கொக்கியின் வலது கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ஆண்டவன் மேல் சத்தியம் பண்ணுங்கள், இந்தக் கை இனிமேல் யார் மேலும் விழாது என்று சொல்லுங்கள் என்றாள். சொன்னான். அவளுக்கு அது கேட்டு வாங்கிய வாக்கு. அவனுக்கு அது வேறு மாதிரி உள்ளே இறங்கியது. ஆண்டவனோடு அவன் பேசுவதெல்லாம் ஆட்டு வியாபாரியோடு பேசுகிற தோரணைதான். நான் கையைக் கட்டிக்கிறேன், நீ அவளை விடு, நான் தவறினா நீயும் தவறலாம் என்று பேசி முடித்தான். அந்தக் கிட்னி தன் கையில்தான் நிற்கிறது என்று உறுதியாக நம்பினான்.

சோதனை, கையெழுத்து, விசாரணை என்று எட்டு மாதம் போனது. எட்டு மாதமும் கை விழவில்லை. விஷயம் தெரிந்ததும் சந்தையில் சிலர் வேண்டுமென்றே சீண்டினார்கள். பல் போனவர்களில் ஒருவன் தினமும் வந்து ஈரலை அமுக்கிப் பார்த்து, “பழசு மாதிரி இருக்கேண்ணே” என்பான். கொக்கி வெட்டுக்கத்தியை ஓங்கிக் கட்டையில் இறக்குவான். வேலைக்கு உதவாத அந்த வெட்டுகளால் இருபது வருடக் கட்டை குறுக்கே பிளந்தது.

அறுவை சிகிச்சை அன்று காலையில் வார்டு ஊழியர் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, உள்ளேயிருந்து எடுக்கிற பழைய கிட்னியைத் தனக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டான். கறிக்கடைக்காரர் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, “பார்க்கலாம்ணே” என்று சிரித்துக்கொண்டே போனார் அவர். கொக்கி கேலி பண்ணவில்லை. இடது பக்கத்து கிட்னியை ஒரு தடவை கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். கன்றிக் கறுத்த தழும்பு இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதமாக அவன் காத்திருந்தது பாதி அதற்காகத்தான்.

நல்லபடியாக முடிந்தது என்று சாயங்காலம் சொன்னார்கள். கிட்னியை யாரும் காட்டவில்லை. ஊழியர் வேலை முடிந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் பகல், பார்வையாளர் நேரம். முதலில் மைத்துனன் அறைக்குப் போனான். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். விலாவுக்கு அடியில், பக்கவாட்டில், முதுகு நோக்கி ஒரு சாண் தையல். சரியான இடம், சுத்தமான வெட்டு என்று தொழில்காரன் மனசு மெச்சியது. மைத்துனன் கண்ணைத் திறந்து இவனைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

பிறகு மனைவியைப் பார்க்கப் போனான். கிருமி தொற்றிவிடும் என்று யாரையும் உள்ளே விடுவதில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். உள்ளேயும் கட்டு மாற்றினார்கள். துணி விலகியது. தையல் அடிவயிற்றில் இருந்தது. வலது பக்கம், முன்னால், இடுப்பெலும்புக்கு மேலே. விலாவுக்கு அடியில் ஒரு கீறல் இல்லை.

கொக்கிக்கு உள்ளே எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. முன்பக்கம், அவ்வளவு கீழே திறந்து கிட்னியை எவனும் மாற்ற முடியாது. ஆயிரக்கணக்கான உடலைத் திறந்தவன் அவன். பழசை எடுக்கவில்லை, அதனால்தான் காட்டவில்லை. எடுக்காத இடத்தில் புதுசை எப்படி வைப்பார்கள்? மைத்துனனிடமிருந்து எடுத்தது நிஜம். இவளுக்கு வைத்தது பொய். வயிற்றைக் கிழித்துத் தைத்துவிட்டு வேறு எவனுக்கோ கொடுத்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இளம் டாக்டர் வெளியே வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான ஆள். நல்லாயிருக்காங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். வலது கை காலரில் விழுந்தது.

“எங்கடா அது? யாருக்கு வித்தே?”

டாக்டர் பதில் சொல்லக் கழுத்தில் இடம் இல்லை. கொக்கி அவரைச் சுவரோடு அறைந்தான். பின்னந்தலை தீயணைப்பு உருளையில் மோதி அது கழன்று தரையில் உருண்டது. இரண்டாவது அடியில் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது, வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது. ஓடிவந்த காவலாளி ஒருவனை முழங்கையால் வயிற்றில் குத்தினான், அவன் மடங்கி உட்கார்ந்தான். இன்னொருவன் மருந்து வண்டியோடு சேர்ந்து கவிழ்ந்தான், பாட்டில்கள் நொறுங்கின. யாரோ பெண் ஒருத்தி குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். காவலாளி எழுந்து தடியால் முதுகில் விளாசினான், கொக்கிக்கு உறைக்கவில்லை. மூன்றாவது முறை கையை ஓங்கினான்.

“மாமா.”

வராந்தாவின் மறுகோடியில் முக்காக்காதன் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் சுவர், மறு கையில் விலாவிலிருந்து தொங்கும் குழாயின் பை. அடிக்கு ஒரு மூச்சு. நர்ஸ் பின்னால் கெஞ்சிக்கொண்டே வந்தாள். யாரும் அசையவில்லை. பக்கத்தில் வந்ததும் பையை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, கொக்கியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். அறைந்த வேகத்தில் அவனுக்குத்தான் உயிர் போய் வந்தது. வாய் கோணி, விலாவைப் பிடித்துக்கொண்டு, அப்படியே கொக்கியின் தோளில் சாய்ந்தான். கொக்கியின் கண்ணுக்கு நேரே அந்தக் காது இருந்தது. தான் அறுத்த விளிம்பு, மெழுகு மாதிரி வழவழவென்று. ஓங்கிய கையால் மைத்துனனைத் தாங்கிக்கொண்டான்.

“வெச்சாங்களான்னு சந்தேகமா?” மைத்துனன் மூச்சு வாங்கினான். “அந்தப் பக்கம் போய்க் கட்டிலுக்குக் கீழ பாருங்க.”

டாக்டர் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு எழுந்தார். போலீசைக் கூப்பிடுங்கள் என்று காவலாளியிடம் சொன்னார். பிறகு, அதற்குள் இவர் பார்த்துவிடட்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது சுருக்கம்தான். பழைய கிட்னிகளை எடுப்பதில்லை, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். புதுசை முன்னால் அடிவயிற்றில் வைப்பார்கள், காலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்கள் அங்கே கைக்கு எட்டும். அவளுக்குள் இப்போது மூன்று இருக்கிறது.

காவலாளிகள் இருபுறமும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியிலேயே அதன் மறுகோடிக்குக் கூட்டிப்போனார்கள். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கியது. முக்கால் பங்கு நிறைந்திருந்தது, வெளிறிய மஞ்சள். குழாயில் சொட்டு விழுந்தது. இன்னொன்று. ஒரு வருடமாக அந்த உடம்பிலிருந்து ஒரு சொட்டு வந்ததில்லை.

கை ஓங்கியாயிற்று, சத்தியம் போயாயிற்று. பேசின பேச்சுப்படி இது நிற்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தான். விழுந்தது. பத்து வரை எண்ணினான், இருபது வரை எண்ணினான். நிற்கவில்லை. ‘நான் தவறிட்டேன், நீ தவறலயே’ என்று உள்ளே சொல்லிக்கொண்டான். ஆண்டவனிடம் அவன் பேரம் இல்லாமல் பேசிய முதல் பேச்சு அது.

இத்தனை மாதம் வராத கேள்வி அப்போதுதான் வாயில் வந்தது. கிழிந்த புருவத்தோடு நின்ற டாக்டரிடமே கேட்டான், ஒருத்தர் முதுகில் அடித்தால் கிட்னி போகுமா என்று. டாக்டர் புருவத்துத் துணியை மாற்றி அழுத்திக்கொண்டார். ஸ்கேனில் இரண்டும் ஒரே அளவாகச் சுருங்கியிருக்கிறது, கொதிப்பு வேலைதான், அடி என்றால் ஒன்றுதான் போயிருக்கும் என்றார்.

கொக்கிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குவதற்குள், நர்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்த மைத்துனன் சொன்னான்.

“அடியால போகல. சரி. அதனால நீங்க அடிக்காதவர் ஆயிடல, மாமா.”

கொக்கி தலையை ஆட்டினான். “மச்சான், நான் உனக்கு...”

“நன்றி கின்றின்னு ஆரம்பிச்சீங்க, தையல் பிரிஞ்சாலும் பரவாயில்லன்னு இன்னொண்ணு விடுவேன்.”

நர்ஸ் அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

போலீஸ் கீழே வந்துவிட்டது. கிளம்பும் நேரம் உள்ளே மனைவி கண் விழித்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கல்யாணமான புதிதில் இருந்த கன்னம் தெரிந்தது. கொக்கி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். காவலாளிகள் நிற்பதை அவள் பார்த்தாள், கிழிந்த சட்டையைப் பார்த்தாள். பேச முடியாத தூரம். தலையணையிலிருந்து ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். இருபது வருடம் கூட வாழ்ந்தவள் கேட்பது அவனுக்குப் புரிந்தது. கையைக் காட்டுங்கள்.

மறைக்க நினைத்தான். முடியவில்லை. இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து, புறங்கை அவள் பக்கம் தெரியும்படி கண்ணாடிக்கு நேரே பிடித்தான். வலது கை முட்டிகளில் தோல் பிய்ந்து, டாக்டரின் ரத்தம் காய்ந்திருந்தது.

அவள் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலுக்குக் கீழே சொட்டு விழுந்துகொண்டிருந்தது. காவலாளி தோளைத் தொடும் வரைக்கும் கொக்கி கையைக் கீழே இறக்கவில்லை.