வெள்ளிக்கிழமை விரால்

எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ராணிப்பேட்டையில் நான் வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளிகள் முஸ்லிம்கள். ஜும்மா தொழுகைக்காக வெள்ளிக்கிழமை மூடுவார்கள். ஊரெல்லாம் கறி எடுத்துச் சமைக்கிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலைக்குப் போவோம். வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருப்பேன், ஆனால் அன்றைக்கு எங்கள் அடுப்பில் மீனோ கறியோ ஏறாது. என் மனைவி வியாழக்கிழமை சாயங்காலமே அடுப்பை மெழுகி, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

"உங்க லீவு நாளும் சாமி நாளும் ஒண்ணா வந்து மாட்டிக்கிச்சி. நாக்குக்குத்தான் நஷ்டம்" என்று சிரிப்பாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் தவறவில்லை. குழந்தை வேண்டித்தான் அந்த விரதம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. வேலூருக்கு அழைத்துப் போய்ப் பல முறை காட்டினோம். கடைசித் தடவை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க என்ன கேக்கறாங்களோ அதக் குடுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தியம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் சாப்பிடலாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வேலையில் என் சிநேகிதரிடம் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவன். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் புரியாமல் போனதில் வெட்கமில்லை. டாக்டர் தமிழில்தான் சொன்னார்.

அந்தச் சிநேகிதரை நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தோஸ்த் என்பார். அவர் தோலுக்கு மெருகு போடும் பகுதியில் இருந்தார், நான் தோலை ஊறவைத்து மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழியில். அவர் வாயாடி. நான் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பதில் சொல்கிறவன். அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போனது.

என் மனைவி கேட்டது விரால் மீன். அவள் பிறந்த ஊர் வாலாஜாபேட்டையைத் தாண்டி ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. சின்ன வயதில் தின்ற ருசி. நான் மார்க்கெட்டில் தேடி ஒன்று வாங்கி வந்தேன். அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த என் அக்கா குழம்பு வைத்தாள். என் மனைவி ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஐஸ் நாத்தம் அடிக்குதுங்க" என்று தட்டை நகர்த்திவிட்டாள். உயிரோடு இருக்கிற விராலையெல்லாம் ஏரிக் குத்தகைக்காரர் டின்னில் போட்டு மெட்ராசுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் ஊருக்கு வருவது மிச்சம்தான்.

"நாமளே புடிச்சிடலாம் தோஸ்த். ரெண்டு லாரி டியூபு வெச்சிருக்கேன், கரையில தெரிஞ்ச ஆள் ஊட்ல கெடக்கு" என்றார் பாய். "வெரா பானைத் தண்ணியில ரெண்டு நாள்கூட உயிரோட இருக்கும். வெள்ளிக்கெயம புடிச்சி சனிக்கெயம ஆக்கிக்க."

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. பாய் இரண்டு டியூபையும் மூங்கிலால் சேர்த்துக் கட்டி, மேலே சாக்கை விரித்தார். ஒரு பலகையால் அவர் துழாவ, நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து தூண்டிலின் நைலான் நரம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்பது கஜ நீளம் நரம்பைப் பின்னால் விட்டு, கோரையை ஒட்டி மெதுவாக இழுத்துக்கொண்டே போவது. முள்ளில் தவளை கோக்கவில்லை. இழுக்கிற இழுப்பில் அது செத்துவிடும் என்று பாய் கையுறைத் தோல் கழிவில் தலைப்பிரட்டை மாதிரி ஒரு துண்டு வெட்டியிருந்தார். தண்ணீரில் ஊறினால் அதன் வால் உயிருள்ளது போல ஆடும்.

"ஏற்றுமதி சரக்குன்னு மீனுக்குத் தெரியுமா? சும்மா வந்து கடிக்கும் பாரு" என்றார்.

கொஞ்சம் வேகம் கூடினாலும் அவரே தன்னைத் திட்டிக்கொள்வார். "மெதுவாப் போனாத்தான் அது தொரத்தும். வேகமாப் போனா நாம ரெண்டு பேரும் ஊர்வலம் போன மாதிரிதான்."

அன்றைக்கு இரண்டு முறை தோல் துண்டு கடிபட்டு வந்தது. பல் பதிந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. சுண்ணாம்புக் குழியில் காலுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள், கைக்கு ஒன்றும் கிடையாது. பதினைந்து வருஷச் சுண்ணாம்பில் என் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பாய் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்த விரல வெச்சிக்கினு நீ எப்டியா பீடி புடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, திரும்பவும் துழாவத் தொடங்கினார். பத்து மணிக்குக் கரையேறிவிட்டோம். அவருக்கு ஜும்மாவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை நாங்கள் இடம் மாற்றிக்கொண்டோம். நான் துழாவ, அவர் நரம்பைப் பிடித்தார். எனக்குத் துழாவத் தெரியவில்லை. டியூப் வட்டம் போட்டு, கோரையை விட்டு நடு ஏரிக்குப் போய்விட்டது. ஆழத்தில் ஒரு வாளை மாட்டியது. பாய்க்குப் பிடிபடாத சந்தோஷம். நான் அதை அவரிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசற்படியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு, "தண்ணி நெறைய இருக்குதா? ரொம்பிக் கலங்கல்ல வழியுதா?" என்று ஏரியைப் பற்றிக் கேட்டாள். மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வாரம் அவள் சாப்பாடு வெறும் கஞ்சியாகக் குறைந்தது. கஞ்சியும் அரை டம்ளர்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் நரம்பைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். குழியில் பூட்ஸுக்குள் இருந்த கால், அதற்கு உணர்ச்சி இருந்தது. தோல் துண்டின் வால் ஆடுவதுகூட விரலில் குறுகுறுத்தது. பாய்க்குச் சிரிப்பு. "மீனு உன்ன இஸ்துக்கினு போயிடப் போவுது, கெட்டியா புடிச்சிக்க."

பத்து மணி ஆயிற்று. ஒன்றும் கடிக்கவில்லை.

"நேரமாச்சி பாய், திருப்பு" என்றேன்.

அவர் திருப்பவில்லை. "நேத்து எங்கூட்டுக்காரி உன் ஊட்டுக்கு வந்தா இல்ல? தங்கச்சியப் பாத்துட்டு வந்து சோறு துன்னல. இன்னும் ஒரு சுத்து போவலாம்."

ஒரு சுற்று இரண்டாயிற்று, மூன்றாயிற்று. வெயில் ஏறிவிட்டது. அல்லி இலைகள் அடர்ந்த ஒரு மூலையில் திரும்பும்போது கட்டைவிரலை யாரோ வெட்டி எடுப்பது போல இழுத்தது. நான் கத்தினேன். நரம்பு கோரைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. பாய் சட்டையோடு தண்ணீரில் குதித்து, மார்பளவு நீரில் தடவிக்கொண்டே போய், கோரையை விலக்கி, இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துத் தூக்கினார். முழங்கை நீள விரால். என் விரலில் ரத்தம் வழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனால் ஜும்மாவுக்கு எட்டாது.

"ஜும்மா போச்சி. மத்தியான லுஹர் தொழுகைய இங்கியே தொழுதுக்கறேன்" என்று கை கால் கழுவி, துண்டை விரித்துக் கரையில் தொழுதார். நான் கொண்டுபோன தவலையில் தண்ணீர் பிடித்து, மீனைப் போட்டு, தவலை வாயைத் துணியால் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக அவர் ஜும்மாவை விட்டுவிட்டார்.

பஸ்ஸில் தவலையை மடியில் வைத்திருந்தேன். உள்ளே அது புரளும்போதெல்லாம் அணைத்துப் பிடித்தேன்.

"இன்னாய்யா, மடியில கொயந்தையா? அரை டிக்கெட் எடுத்தியா?" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். பாய் மட்டும் அவரை முறைத்து, "மீனுய்யா. உன் வேலையப் பாரு" என்றார்.

எங்கள் தெரு முனையில் பாய் நின்றார்.

"தோஸ்த், இத எங்கூட்ல குடு. அவ அரை மணியில ஆஞ்சி கொயம்பு வெச்சிடுவா. எங்களுக்கு இன்னா வெள்ளி, செவ்வா? உன் அடுப்புல ஏத்த வேணாம், உன் சட்டியத் தொட வேணாம். நானே கொண்டாந்து தர்றேன்."

"வேணாம் பாய். நாளைக்குக் காலையிலயே செஞ்சிடறோம்."

"நாளைக்கா?" என்றார். "தங்கச்சியக் கேட்டுப் பாரேன்."

"அவ ஒத்துக்க மாட்டா பாய்."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. தன் வீட்டுச் சட்டிச் சோறு வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்திருப்பார். அப்படி இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் மனதில் அது கொஞ்சமும் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அக்கா இருக்கிறாள், பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பாய் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது என்று பேசுவார்கள் என்றும் நினைத்தேன். ஆனால் பெரிய காரணம் அவள்தான். ஒன்பது வருஷம் காத்த ஒன்றைப் படுக்கையில் கிடக்கும்போது விடச் சொன்னால், நீ சாகப் போகிறாய் என்று நானே சொல்வது போல ஆகிவிடும் என்று பயந்தேன்.

வீட்டுக்குள் போய்ப் பானையில் மீனை விட்டேன். அன்றைக்கு அவள் தெளிவாக இருந்தாள். ஒரு டம்ளர் கஞ்சி முழுவதும் குடித்திருந்தாள். பானையைப் பக்கத்தில் கொண்டு வரச் சொல்லி, என் தோளைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மாடி, எம்மாம் பெருசு! கருகருன்னு... எங்கூரு மீனுதான்." விரலை விட்டு அதன் முதுகைத் தொட்டாள். "எப்போ கொயம்பு?"

"நாளைக்கு."

அவள் விரலைப் பானையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "ஆமா, இன்னிக்கு வெள்ளி" என்றாள்.

அந்த ஆமாவைப் பிடித்துக்கொண்டு, பார், நான் செய்ததுதான் சரி என்று நினைத்தேன். பாய் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் வரை பானைக்குள் மீன் மோதுவதும், மேலே வைத்த தட்டு சத்தம் போடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் பானைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

காலையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. நான் வேலைக்குப் போகவில்லை. அக்கா மீனை ஆய்ந்து, எட்டு மணிக்கெல்லாம் குழம்பை இறக்கினாள். ஒரு துண்டு மீனை முள் பார்த்து உதிர்த்து, குழம்பில் மசித்து வாயில் வைத்தேன். அவளால் விழுங்க முடியவில்லை. வெறும் குழம்பை ஸ்பூனில் விட்டேன். கடைவாயில் வழிந்துவிட்டது. துடைத்தேன். இன்னொரு ஸ்பூன் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள்.

"வாசன நல்லா இருக்குது" என்றாள்.

அப்போது என் வாயில் எப்படி வந்ததோ, "நேத்து பாய் அவுங்க ஊட்ல செஞ்சித் தர்றேன்னாரு" என்றேன்.

"நேத்தா?"

"உம். வெள்ளிக்கெயம ஆச்சேன்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: "சொல்லியிருந்தா துன்னிருப்பனே. எனக்கு இன்னாங்க இனிமே வெள்ளி?"

கோபமாகச் சொல்லவில்லை. ஏரியில் தண்ணீர் வழிகிறதா என்று கேட்டாளே, அந்தக் குரல்தான். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடித்து நான் வேலைக்குப் போன அன்று, சாப்பாட்டு வேளையில் பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக அவர் இதைக் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"தங்கச்சி மீனு துன்னுச்சா தோஸ்த்?"

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"துன்னா பாய்" என்றேன்.

"எவ்ளோ?"

"ரெண்டு துண்டு."

"ரெண்டு துண்டா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. வால் பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள் என்றேன். முள்ளை அவளே எடுத்தாள், எங்கூரு மீனு என்று அக்காவிடம் பெருமை பேசினாள், சோற்றில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னாள் என்றேன். உப்புக் கொஞ்சம் கம்மி என்று குறைகூடச் சொன்னாள் என்றேன். பாய் அழுதுகொண்டே சிரித்தார். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. சங்கு ஊதி எல்லாரும் குழிக்குத் திரும்பிய பிறகும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.