கிராணி முன்னால் பேசிய தமிழ்

கடிதம் கிடைத்த பதினான்கு நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், கிடைத்தது என்றாவது தெரிவிக்க வேண்டும். கோல சிலாங்கூர் மாவட்ட அலுவலகத்தில் இந்த விதியைச் சொல்லியே எனக்குக் கீழிருந்த பலரை விரட்டி வேலை வாங்கியிருக்கிறேன்.

அதற்கு முன்பு, இளம் வயதில், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தொழிலாளர் பேச்சை ஆராய ஒரு பேராசிரியர் வந்தார். காலைப் பெரட்டில், அன்றைய வேலைக்கு நான் ஆள் பதியும் மேசையிலேயே அவரை உட்கார வைத்தேன். வரிசையில் வந்தவர்களை அவர் கேட்டார். சொன்னதை நான் எழுதினேன். அவருடைய புத்தகம் புகழ் பெற்றது. பல மாவட்டத்துத் தமிழ் கடல் கடந்தால் ஒரே தலைமுறையில் கரைந்து ஒன்றாகிவிடும் என்பது அவர் கொள்கை. முன்னுரையில் எனக்கும் நன்றி சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு, 1984இல், அதே தோட்டத்தில் ஒரு கல்யாணம். சமையல் கொட்டகை அருகே உட்கார்ந்திருந்தேன். பழைய பால்மரத் தொழிலாளி ஒருத்தி, "அண்டாவ அங்கிட்டுத் தள்ளுடி" என்றாள்.

"அந்தாண்டன்னு மனுசப் பேச்சாப் பேசேன்" என்றாள் பக்கத்து லயத்து வீட்டுக்காரி.

இருவரும் அங்கேயே பிறந்தவர்கள். கரைந்துபோனதாக நான் எழுதிக்கொடுத்த பேச்சு அண்டா மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"பேராசிரியர் வந்து கேட்டாரே, அன்னிக்கு ஏம்மா இப்படிப் பேசல?" என்று முதலாமவளைக் கேட்டேன்.

"உங்க முன்னாடியா? எங்க பேச்சப் பேசியிருந்தா பெரட்டுல பேரு போட்டிருப்பீங்களா? போங்க லா ஐயா!" கொட்டகையே சிரித்தது. புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்க பேச்சு செத்துப்போச்சுன்னு எழுதிட்டாரா? நான் உசிரோட இருக்கறப்பவே வரச் சொல்லுங்க. காது குளிரத் திட்டுறேன்."

பேராசிரியரின் வீட்டு முகவரி என் இழுப்பறையில் இருந்தது. நானோ முறைப்படி பல்கலைக்கழகப் பதிவாளர் வழியாக, பொருள், பார்வை எல்லாம் போட்டு மூன்று பிரதிகள் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதங்களையும் அதே வழியில்தான் அனுப்பினேன்.

சந்தையில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "திட்டு வாங்க ஆளு எப்ப வருது?"

ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகத் தோட்டம் செம்பனைக்கு மாறியது. லயத்து வீடுகளை இடித்தார்கள், ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவள் செரண்டாவில் மகன் வீட்டுக்குப் போனாள். அடுத்த தீபாவளிக்கு முன்பே இறந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் பதில் வந்தது. பேராசிரியர் தம் கைப்பட எழுதியிருந்தார்: "உங்கள் கடிதம் போன வாரம்தான் என் மேசைக்கு வந்தது. என் கொள்கையை நான் திருத்த வேண்டியிருக்கும். அந்த அம்மாளை எப்போது பார்க்கலாம்?"

பழக்க தோஷத்தில் உறையின் மேல் பெற்ற தேதியைக் குறித்தேன்: 15.1.1986.