படகுத்துறையில் ஒற்றை ஆள்

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தூங்குவார்கள். எனக்கு வழக்கம்போல நாலு மணிக்கே கண் திறந்துகொள்ளும். வாரம் முழுவதும் அந்த நேரத்தில் எழுந்து, மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற உடம்பு இது. விடுமுறை என்று சொன்னால் அதற்கு விளங்குவதில்லை. அந்த ஞாயிறு அதற்குமேல் இன்னொரு குடைச்சலும் சேர்ந்துகொண்டது.

அங்கே என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் வாடகை அறையில் தங்கியிருக்கிறார். அவருடைய அறையில் ஒரு கட்டில் காலியாகப் போகிறதாம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே படுத்துக்கொள்ளலாம், வாரக் கடைசியில் ஜொகூர் பாருவில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் போதும். பாலத்தில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், மழைச்சட்டைக்குள் வேக வேண்டாம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். மனைவியிடம் புதன்கிழமையே இதைச் சொல்லிவிட்டேன். அவள் "ம்" என்றாள். சரி என்கிற "ம்"மா, போய்த் தொலை என்கிற "ம்"மா என்று தெரியாமல் நாலு நாளாக அல்லாடிக்கொண்டிருந்தேன். வாய் திறந்து கேட்கவும் தைரியமில்லை.

காலையில் மூன்று முறை கார் போர்ச்சுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன். "உக்காருங்களேன், தலை சுத்துது" என்றாள் அவள். தரையில் நாளிதழை விரித்து, சம்பாலுக்கு நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் நாள் இறக்கி வைத்திருந்த டெமோ ஒன்று அதில் இருந்தது. பழைய காலத்து வியூக விளையாட்டு. ஒரு சிற்றூரை வைத்துக்கொண்டு அதைத் துறைமுகமாக வளர்த்தெடுக்க வேண்டும். முழு விளையாட்டு இன்னும் வரவில்லை, ஆட்டத்துக்குள் வரும் ஒரே ஒரு வருடத்தை மட்டும் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். அதை நான் இறக்கியதற்கு ஒரே காரணம், படத்தில் தெரிந்த நீரிணை. மேலே ஒரு கரை, கீழே ஒரு தீவு, நடுவில் ஒல்லியாகத் தண்ணீர். பெயரெல்லாம் மாற்றி வைத்திருந்தார்கள். தினமும் கடக்கிறவனுக்குப் பெயர் எதற்கு?

முதல் பார்வைக்கு அசத்தலாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அலையின் நிறம் பொழுதுக்குப் பொழுது மாறுகிறது. கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழுகிறது. ஊர்க்காரர்கள் விரல் நகம் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி நடை. ஒருவன் நொண்டுகிறான், ஒருத்தி தலையில் கூடையோடு போகிறாள். இசைதான் சரியில்லை. ஜாவாக்காரர்களின் கமெலான் மணியோசையா புல்லாங்குழலா என்று தெரியாத ஒரு கலவை, ஐந்து நிமிடத்தில் எரிச்சல் வந்து அணைத்துவிட்டேன். துணி வியாபாரம் செய்யத் தமிழ் வணிகன் ஒருவன் கப்பலில் வந்து இறங்கினான். காதில் கடுக்கன், முகத்தில் பாதிக்கு மீசை. "வணக்கம்" என்று நீட்டி முழக்கினான்.

"யாரு இவன், விளம்பரத்துல மசாலாத் தூள் விக்கிறவன் மாதிரி பேசுறான்?" என்றாள் மனைவி, நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஊர்க்காரர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். வயலுக்கு இத்தனை பேர், மீன் பிடிக்க இத்தனை பேர், மரம் வெட்ட இத்தனை பேர். மூலையில் தலைப்பாகை கட்டிய மந்திரி ஒருவர் நின்று ஆலோசனை சொல்கிறார். பட்டியலில் கடைசியாக இன்னொரு வழியும் இருந்தது. எதிர்க்கரைத் தீவில் வேறொரு ராஜாவின் பெரிய துறைமுகம், அங்கே ஆட்களைத் தினக்கூலிக்கு அனுப்பலாம், ராத்திரி ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். வயலில் கிடைப்பதைவிட அங்கே மூன்று மடங்கு.

நான் யோசிக்கவே இல்லை. மொத்த ஊரையும் படகில் ஏற்றினேன்.

அதோடு விட்டேனா? படகுத்துறையில் மற்ற ஊர்ப் படகுகளும் வரிசையில் நிற்கும் என்று தெரிந்ததும், பொழுது விடியுமுன்பே என் ஆட்களைக் கிளப்பினேன். விடிந்தபின் கிளம்பினால் வரிசை நீளும் என்று விளையாட்டின் எந்தப் பயிற்சிப் பகுதியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கை தானாகப் போனது. ஜொகூர் பாருக்காரன் எவனை உட்கார வைத்தாலும் இதைத்தான் செய்வான். வெளிநாட்டில் இந்த விளையாட்டைச் செய்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, என் கஜானா ஒரே பருவத்தில் நிறைந்து வழிந்தது. ஊரில் புதுக் கூரை, கல் பாவிய தெரு, பெரிய கிடங்கு என்று அடுக்கடுக்காகக் கட்டினேன். முக்கால் வருடம் இப்படி ராஜபோகமாக ஓடியது. "பார்த்தியா, எப்படி இருக்கு நம்ம ஊரு?" என்று பெருமையடித்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளையே காணோம்" என்றாள்.

அப்புறம் வடகிழக்குப் பருவக்காற்று வந்தது. திரை கறுத்தது, அலை எழும்பியது, நீரிணை மூடப்பட்டது என்று ஒரு பலகை விழுந்தது. என் ஆட்கள் எல்லாரும் அந்தக் கரையில். இந்தக் கரையில் கல் பாவிய தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பருவம் முடியும்போது மந்திரி தலையைக் குனிந்துகொண்டு அறிவித்தார்: ஒரு பருவம் முழுக்க யாரும் வசிக்காத ஊர் கைவிடப்பட்ட ஊராகக் கணக்கிடப்படும், ஆட்டம் முடிந்தது. எதிரி வரவில்லை, தீப்பிடிக்கவில்லை, ஒரு அம்புகூட விழவில்லை. சும்மா தோற்றுப் போனேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டினேன். "அலமாக், இவனுங்களுக்கு வரலாறும் தெரியல, பூகோளமும் தெரியல. இந்த நீரிணைய எந்தக் காத்து மூடும்? குட்டை மாதிரி கெடக்குற தண்ணி லா. இதப் போய் யாராவது மூடுவாங்களா?"

"அப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க" என்றாள் அவள்.

அப்போது என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'அப்போது' என்பது ஒன்றுதான். தொற்றுநோய்க் காலத்தில் எல்லையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாள். அந்தப் பக்கம் தங்கினால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் உறுதியில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஒரு பையில் சட்டைகளைத் திணித்தேன். "ரெண்டு வாரம்தான் லா. பாலத்தப் போய் யாராவது ஒரேயடியா மூடுவாங்களா?" என்றேன். அன்றைக்குப் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. மோட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போனேன். அந்த இரண்டு வாரம் நீண்டுகொண்டே போய், நான் திரும்பி வந்தபோது அவள் வாசலில் நட்டிருந்த கறிவேப்பிலை என் தோளைத் தாண்டியிருந்தது.

இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தோம், ஒரே சட்டியில் எப்படிச் சமைத்தோம், மொட்டை மாடி லிஃப்ட் அறைக்குப் போகும்போதெல்லாம் எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்து எப்படிக் கண் கலங்கினேன் என்று விஸ்தாரமாகச் சொல்வேன். கடைசியில் ஒரு வெடி வைப்பேன்: திரும்பி வந்து, அத்தனை காலம் சும்மா கிடந்த மோட்டாரின் பொத்தானை அமுக்கினேன், முதல் அமுக்கிலேயே எடுத்துக்கொண்டது! "வண்டின்னா அதான் வண்டி" என்று தொடையைத் தட்டுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

மறுபடி ஆடினேன். இந்த முறை பாதிப் பேரை நிறுத்தி வைப்பது என்று சபதம். முதல் பருவத்தில் நிறுத்தினேன். இரண்டாவதில் கஜானா மெதுவாக ஏறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் பேரை ஏற்றினேன். மூன்றாவதில் மிச்சம் பேரையும். காற்று எப்போது வரும் என்று தெரியும், வருமுன் திருப்பி அழைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அழைக்கும்போது அந்தக் கரையிலும் வரிசை நின்றது. என் படகுகள் வரிசையின் வாலில் இருந்தபோது பலகை விழுந்தது. சுட்டியை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்தேன்.

"நகருங்க, நான் பாக்குறேன்" என்றாள். இதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அறியாதவள். கையைப் புடவைத் துணியில் துடைத்தது போதவில்லை, சுட்டி முழுக்க நெத்திலி வாடை. ஒருவரையும் அனுப்ப மாட்டாள், ஊரை உருப்படியாக நடத்தி எனக்குப் பாடம் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. என்னைப் போலவே எல்லாரையும் படகில் ஏற்றினாள். ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டாள். அந்த ஆளுக்கு வேலையும் கொடுக்கவில்லை.

"அங்க பாரு, செவப்புக் குறி காட்டுது. ஒரு ஆள் சும்மா நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும். ஊர்ல யாராவது இருக்கணும்ல."

பருவத்துக்குப் பருவம் மந்திரி முணுமுணுத்தார், ஒருவர் வேலையின்றி இருக்கிறார் என்று. அவள் கண்டுகொள்ளவில்லை. காற்று வந்தது, பலகை விழுந்தது. ஊரில் அந்த ஒற்றை ஆள் மட்டும். அது கிணற்றுக்குப் போனது. காலி வீடுகளின் முன்னால் நடந்தது. படகுத்துறைக்கு வந்து தண்ணீரைப் பார்த்து நின்றது. திரும்பிப் போனது. மறுபடி கிணறு, மறுபடி தெரு, மறுபடி படகுத்துறை. எனக்குக் கால் துறுதுறுத்தது.

"வேகமா ஓட்டுற பட்டன் இருக்கு. அமுக்கேன்."

"வேணாம்" என்றாள். "அப்படியே போவட்டும்."

நாற்காலிக்குப் பின்னால் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் எத்தனை தடவை துறைக்கு வந்து போனது என்று தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வி என் வாயில் வந்தது.

"அப்ப நீ என்ன பண்ணுன?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்ன பண்றது? காலையில கேட்டத் தொறப்பேன், சாயங்காலம் மூடுவேன். செடிக்குத் தண்ணி. வாரத்துக்கு ரெண்டு தரம் உங்க மோட்டார ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விடுவேன். பேட்டரி போயிரும்னு. சத்தத்தக் கேட்டுட்டுப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஜன்னல்ல எட்டிப் பாப்பாங்க, நீங்க வந்துட்டீங்கன்னு." சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கே சில நாளு அப்படித்தான் இருக்கும்."

எத்தனை கல்யாண வீடுகள், எத்தனை தொடைத் தட்டல்கள். ஒரு தடவைகூட அவள் குறுக்கே பேசியதில்லை. திரையில் காற்று ஓய்ந்தது. படகுகள் வரிசையாகத் திரும்பின. ஊர் கைவிடப்படவில்லை. டெமோ இத்துடன் முடிகிறது, ஆடியதற்கு நன்றி என்று எழுத்துகள் வந்தன. அவள் எழுந்து நெத்திலியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மணி ஐந்துக்கு அண்ணன் கூப்பிட்டார். "என்னா தம்பி, கட்டில் வேணுமா வேணாமா?"

"வேற ஆளுக்குக் குடுத்துருங்கண்ணே."

"ஏன், வீட்டுல வேணாம்னுட்டாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லலண்ணே" என்றேன். அது உண்மைதான். சமையலறையில் அம்மி அரைக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் கைப்பேசியை வைத்ததும் மறுபடி தொடங்கியது.

நாளைக்கு நாலு மணிக்கு எழுந்து அந்தப் பாலத்தில் நிற்கத்தான் வேண்டும். உள்ளே உட்கார முடியாமல் வெளியே போய், காரணமே இல்லாமல் மோட்டாரை ஸ்டார்ட் செய்தேன். முதல் அமுக்கிலேயே எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னலில் அந்த ஆண்ட்டியின் தலை எட்டிப் பார்த்தது.

"இங்கதான் ஆண்ட்டி இருக்கேன்" என்றேன்.