கடூனாவிலிருந்து வந்த போன்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் யூனிட் ஒன்றில் ஜெயபாய்க்குப் பதினோரு வருஷ வேலை. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். தறி ஃபிட்டர் ஐயாதுரைக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவள். பிள்ளை தங்கவில்லை. 1992-இல் நைஜீரியாவில் கடூனா என்ற ஊரின் மில் ஒன்றுக்கு ஃபிட்டர்கள் தேவை என்று ஆள் எடுத்தார்கள். ஐயாதுரை போய்விட்டார்.

அவர் விமானம் ஏறிய நாளிலிருந்தே அவளுக்குள் பயம் குடியேறிவிட்டது. குடியேற்றியவர் ஐயாதுரையின் அண்ணன் ராஜரத்தினம்.

"மனுசன மனுசன் அடிச்சுத் திங்கிற ஊரும்மா அது. ஒரு வாட்ச்சுக்காகப் பட்டப்பகல்ல கையை வெட்டிருவானாம்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். அவர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. மறு வருஷம் ஜூன் மாதத்தோடு அது நின்றது. அந்த நாட்டில் தேர்தல் தகராறு, துப்பாக்கிச் சூடு என்று பேப்பரில் நாலு வரி போட்டிருந்தான். அந்த நாலு வரியை ஜெயபாய் எத்தனை தடவை படித்தாளோ! தெருவில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவாள். கடிதம் இல்லை என்று அவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஐம்பத்திரண்டு நாள் இப்படிக் கழிந்தது.

ஐம்பத்து மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு யூனிட் கிளார்க் குருசாமி மூச்சிரைக்க ஓடிவந்தார். அவசரத்துக்கென்று ஐயாதுரை வாங்கிப் போயிருந்தது ஆபீஸ் நம்பரைத்தான்.

"யக்கா, போன்ல ஒரு வெளிநாட்டுப் பொம்பள. 'துரை, துரை'ங்குது. ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்த வெளங்குச்சு. நாலு மணிக்குத் திரும்பப் போடுதேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. லைன் கட்டாயிருச்சு."

தகவல் கேட்டு வந்த ராஜரத்தினம், "ஆளப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பேரம் பேசப் போறானுவ" என்றார். ஜெயபாய்க்கு அழக்கூட வரவில்லை. அவளுடைய அக்கா கிருபாபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் இங்கிலீஷ் டீச்சர். அவள் வந்தால்தான் அந்தப் பேச்சு விளங்கும். கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறினாள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது மணி இரண்டரை. பாதி வழியில் பஸ் சட்டென்று நின்றது. ரோட்டின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்து இரண்டு ஊர்களுக்குள் காலையிலிருந்தே சண்டையாம். டிரைவர் பின்னால் எடுப்பதற்குள் முதல் கல் விழுந்தது.

"குனிங்க! எல்லாரும் கீழ குனிங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

ஜன்னல் கண்ணாடி நொறுங்கித் தலையில் கொட்டியது. ஜெயபாய் அக்காவின் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு சீட்டுக்கு நடுவில் ஒடுங்கினாள். கல் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. பிறந்த நாள் முதல் போய்வந்த ரோடு இது. இதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கூட்டம் கலைந்ததும் இருவரும் இறங்கிக் காட்டு வழியாக ஓடினார்கள். பஞ்சுப் பேல் ஏற்றிய லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். ஆபீசுக்குள் நுழையும்போது மணி நாலே கால்.

"இன்னும் வரல" என்றார் குருசாமி.

நாலே முக்காலுக்கு மணி அடித்தது. கிருபாபாய் எடுத்தாள். ஜெயபாய் அக்காவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"உயிரோட இருக்காவளாம்ட்டி" என்றாள் கிருபாபாய் முதலில். ஜெயபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டைபாய்டு காய்ச்சலாம். பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தாவளாம். இந்தம்மா பேரு ஹதிஜா. இவுக வீட்டுக்காரரும் அதே மில்லுலதான் வேல. ஆஸ்பத்திரில இருந்து இவுக வீட்டுக்கே கூட்டிட்டு வந்து கஞ்சி ஊத்திப் பாத்துக்கிடுதாக. கலவரத்துல தபால் ஓடல. ஒன் வீட்டுக்காரருக்கு இன்னும் நிக்க முடியல. அதான் இந்தம்மா மூணு நாளா டெலிபோன் ஆபீசுல வரிசைல நின்னுருக்காக."

மறுமுனையில் அந்தப் பெண் இன்னும் ஏதோ பதற்றமாகக் கேட்டாள். கிருபாபாய் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தியாவுல குண்டு வெடிக்கி, ஆள வெட்டுதாங்கன்னு ரேடியோல கேட்டு ஒன் வீட்டுக்காரரு அங்க பயந்து சாவுதாவளாம். 'அந்தப் பிள்ள அந்த ஊர்ல தனியா எப்படி இருக்கு? பத்திரமா இருக்காளா?'ன்னு இந்தம்மா கேக்காக."

ஜெயபாயின் தலைமுடிக்குள் இன்னும் கண்ணாடித் தூள் இருந்தது. முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்லுக்கா. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லு."

மறு வருஷம் அவளே கடூனாவுக்குப் போனாள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. விமானத்தில் பையை மடியில் கட்டிப்பிடித்தபடியே இருந்தாள். அங்கே போய் ஆறு மாதம் தனியாகக் கடைக்குப் போனதில்லை. ஒருமுறை சந்தையில் ஒருவன் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். காய் விற்கிற பெண்கள் நாலு பேர் துரத்திப் பிடித்து, அடித்து, பையை வாங்கிக் கொடுத்தார்கள். ஹதிஜாவின் வாசலில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பாஷையில் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். 1997-இல் ஐயாதுரையோடு ஊருக்குக் கிளம்பியபோது அவளும் ஹதிஜாவும் கடூனா பஸ் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

ராஜரத்தினம் டீக்கடையில் இன்றும் அந்த நாட்டைப் பற்றிப் பழைய கதையைத்தான் சொல்லுகிறார். ஜெயபாய் அந்தப் பக்கமாக வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "நம்ம ஹதிஜா வீடு வேற, அது வேற" என்று சேர்த்துக்கொள்வார்.

"அங்க அம்புட்டுப் பேரும் யாரோ ஒருத்தருக்கு ஹதிஜா வீடுதான் அத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போவாள்.